தேடுவோன் சொல்லும் எழுதுவோன் சொல்லும்

தமிழில் எழுதுவோர் தொகை இன்று பெருகியுள்ளது. தமிழில் தேடுவோர் தொகையோ அதனினும் மிகப் பெருகியுள்ளது. ஆயினும் இவ்விரு திறத்தாரும் ஒரே தெருவின் இரு மருங்கிலும் நடந்து, ஒருவரையொருவர் காணாமலே நாள்தோறும் கடந்து போகின்றனர். எழுதினவன் தன் எழுத்தைப் படிப்பாரில்லையே என்று வருந்துகின்றான். தேடினவன் தமிழில் ஒன்றுமே இல்லையென்று சலித்து ஆங்கிலத்திற்குத் தாவுகின்றான். இரண்டும் உண்மையே, இரண்டிற்கும் கரணியம் ஒன்றே. எழுதுவோன் தன் சொல்லிலிருந்து தொடங்குகின்றான். தேடுவோன் தன் இடுக்கணிலிருந்து தொடங்குகின்றான். இடையில் பாலம் அமைப்பது யார் வேலை என்பதே வினா. அது தேடுவோன் வேலை அன்று. அவனுக்கு வேறு வேலை உண்டு.

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பை எடுத்துக்கொள்க. சிதம்பரத்திலிருந்து முதுகுன்றத்திற்குச் செல்லும் சாலையும், சென்னையிலிருந்து குடந்தைக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் ஊர் அது. வெள்ளாற்றின் அணைக்கட்டும், எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சருக்கரை ஆலையும் அதன் அடையாளங்கள். 2004 முதல் வீராணத்து ஏரிநீர் சென்னை நோக்கிப் புறப்படுவதும் இவ்வூரிலிருந்தே. இங்கு இறைக்கப்படும் நீர் வடக்குத்தில் தூய்மை செய்யப்பெற்றுக் குழாய்வழிச் செல்கின்றது. இத்தகைய ஊரின் பெயரையே எழுதுவோர் இரண்டு வகையாக எழுதுகின்றனர். ஒற்று மிகச் 'சேத்தியாத்தோப்பு' என்பார் ஒருசாரார்; ஒற்றின்றிச் 'சேத்தியாதோப்பு' என்பார் மற்றொரு சாரார். படிக்கும் மாந்தனுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்தை எழுத்தோடு ஒட்டிப் பார்க்கும் பொறிக்கோ ஒரு தகர ஒற்றுக் குறைந்தால் அது வேறு ஊர். ஊர்ப்பெயர் உருபேற்றுச் 'சேத்தியாத்தோப்பிலிருந்து' என்றும் 'சேத்தியாத்தோப்பினர்' என்றும் வளரும்போது இடர் இன்னும் மிகுகின்றது. தமிழ் ஒட்டுநிலை மொழி. அதன் சொல் வேரோடு நில்லாது கிளைத்துக்கொண்டே போவது. இதனை அறிந்து வேர்ச்சொல்லையும் தனியே ஓரிடத்தில் எழுதிவைக்கும் பழக்கம் எழுதுவோர்க்கு வேண்டும்.

பக்கத்து ஊரின் நிலை இதனினும் பெரிது. மேலே முதுகுன்றம் எனப்பட்டதே, அவ்வூரை உலகம் விருத்தாசலம் என்றே வழங்குகின்றது. விருத்தம் என்பது முதியது, அசலம் என்பது அசையாதது, அஃதாவது மலை. திருமுதுகுன்றம் என்று மூவர் பாடிய ஊரை வடமொழியிற் பெயர்த்து வைத்தனர். பெயர்ப்பு நிலைத்தது, பெயர் மறைந்தது. தனித்தமிழன்பர் ஒருவர் அவ்வூரைப் பற்றி முதல் வரியிலிருந்து முடிவு வரி வரை முதுகுன்றம் என்றே எழுதுகின்றார் என்று கொள்வோம். அவர் செய்தது சரியே. ஆனால் அவ்வூர்க்குப் போகும் தொடர்வண்டி நேரத்தையோ, அங்குள்ள கல்வி நிலையத்தையோ, அக்கோயிலின் கல்வெட்டையோ தேடுகின்ற இளைஞன் விருத்தாசலம் என்று எழுதியே தேடுவான். அன்பரின் கட்டுரை அவன் கண்ணிற் படாது. முதுகுன்றம் என்னும் பெயர் உண்டென்பதையே அவன் அறியமாட்டான். எவன் அறிய வேண்டுமோ அவனுக்கு எட்டாமல், முன்பே அறிந்தவர்க்கு மட்டும் எட்டும் எழுத்தினால் யாருக்கு என்ன ஊதியம்?

அவ்வன்பர் தலைப்பில் முதுகுன்றம் என்று வைத்து, முதற் பத்தியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாற் போதும்: இன்று விருத்தாசலம் எனப்படும் ஊரின் தமிழ்ப் பெயர் முதுகுன்றம் என்று. தேடுவோன் தன் சொல்லைக் கண்டு உள்ளே நுழைவான். நுழைந்தபின் தமிழ்ச்சொல்லோடு வெளியேறுவான். அயற்சொல்லை வாயிற்படியில் நிறுத்தி வைப்பது அதற்கு இருக்கை இடுவதாகாது.

இது வெறுங் கருத்தன்று என்பதற்கு மயிலாடுதுறை சான்று. மாயூரம், மாயவரம் என்று வழங்கிய ஊர் 1982-இல் அரசாணையால் தன் பழம்பெயரைப் பெற்றது. பெயர்ப்பலகையும் பேருந்துப் பலகையும் தொடர்வண்டி நிலையமும் மாறின. இன்று பிறக்கும் குழந்தை மயிலாடுதுறை என்றே எழுதிப் பழகுகின்றது, தேடுவதும் அப்பெயராலேயே. ஆயினும் முதியோர் நாவில் மாயவரம் இன்னும் இருக்கின்றது. அவ்வூர் வரலாற்றை எழுதுவோர் அச்சொல்லை ஓரிடத்தேனும் குறியாவிடின், அம்முதியோர் தேடும்போது ஒன்றும் அகப்படாது. அரசின் கையில் பலகை உண்டு. இயக்கத்தின் கையில் எழுத்து ஒன்றே உண்டு; ஆகலின் அது இன்னும் கருத்தாக வைக்கப்பட வேண்டும்.

இனிப் பெயரை விட்டுப் பொருளுக்கு வருக. சேத்தியாத்தோப்பை அடுத்த சிற்றூரில் கரும்பு வைத்திருக்கும் உழவர் ஒருவரை எண்ணிப் பார்க்க. கரும்பில் ஏதோ கேடு. கைப்பேசியை எடுக்கின்றார். அவர் எழுதுவதில்லை, பேசுகின்றார். 2017-ஆம் ஆண்டு முதல் கூகுள் தமிழ்ப் பேச்சைக் கேட்டுத் தேடித் தருகின்றது. 'கரும்பு குருத்து காயுது' என்கின்றார். அவர் சொன்னதில் பிழையொன்றுமில்லை. ஆனால் அவ்வொரு தொடருக்குள் இரண்டு வெவ்வேறு கேடுகள் ஒளிந்திருக்கின்றன.

நட்டு ஒன்று முதல் மூன்று திங்களுக்குள் இருக்கும் இளம்பயிராயின், அது பெரும்பாலும் இளங்குருத்துப் புழுவின் வேலை. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தாற் கையோடு வரும். அடியில் அழுகல் நாற்றம் வீசும். அதற்குச் சோகை பரப்புதலும், மண் அணைத்தலும், நிலம் காய்ந்து வெடிக்க விடாமல் நீர் பாய்ச்சுதலும் கைகொடுக்கும். வளர்ந்த கரும்பாயின் செவ்வழுகல் நோயாக இருக்கலாம். மேலிருந்து மூன்றாம் நான்காம் இலைகள் மஞ்சளித்து வாடும். கரும்பை நெடுக்கில் பிளந்தால் உள்ளே சிவந்து, சிவப்பின் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தென்படும். புளித்த கள்ளின் நாற்றம் எழும். இது பூஞ்சையால் வருவது. நின்ற பயிரை மீட்கும் மருந்து இதற்கில்லை. நோயுற்ற தூர்களைத் தோண்டி எரிப்பதும், அவ்வயல் நீர் அடுத்த வயலுக்குப் பாயாமற் காப்பதும், மறுதாம்பு விடாமல் நெல்லுக்கு மாறுவதும், அடுத்த முறை நோயற்ற வயலின் கரணையையே நடுவதும்தான் வழி. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.க. 671 என்னும் வகை சருக்கரை மிகுதியாகத் தந்து பெரும்புகழ் பெற்றது. ஆனால் செவ்வழுகலுக்கு மிக எளிதில் இரையாவது. எந்த வகையை நட்டார் என்பதும் ஆகலின் வினாவின் ஒரு பகுதியே.

இப்போது, தமிழில் எழுதுவோர் இவ்வுழவர்க்கு என்ன வைத்திருக்கின்றனர்? ஒருவர் 'கரும்பு' என்னும் தலைப்பில் இரண்டு பக்கம் எழுதியிருப்பார். அதில் கழகப் பாடல்களில் கரும்பு, கன்னல் என்னும் சொல்லின் பிறப்பு, கரும்பின் மருத்துவக் குணம், பொங்கலிற் கரும்பு, இறுதியில் நோய் பற்றி நான்கு வரி. மற்றொருவரும் அதையே எழுதியிருப்பார். மூன்றாமவர் இருவரிடமிருந்தும் எடுத்து எழுதியிருப்பார். வேளாண் பல்கலைக்கழகத்தார் எழுதியது செவ்வையாக இருக்கும். ஆனால் 'செவ்வழுகல்' என்னும் பெயரை முன்பே அறிந்தவர்க்கே அது அகப்படும். பெயர் தெரிந்தால் பாதி மருத்துவம் முடிந்தது. பெயர் தெரியாதவனே தேடுகின்றான் என்பதை எழுதுவோர் பலரும் மறந்துவிடுகின்றனர்.

அறிவுடையோர் செய்ய வேண்டியது வேறு. கரும்பு என்னும் பொருளுக்கு ஒரு தாய்க்கட்டுரை; அது எல்லாவற்றையும் சுருங்கச் சொல்லி, ஒவ்வொன்றிற்கும் கிளைக்கட்டுரைக்கு வழி காட்ட வேண்டும். கரணை தேர்தல் ஒரு கிளை. குருத்து ஏன் காய்கின்றது என்பது ஒரு கிளை. உள்ளே சிவந்தால் என்ன என்பது ஒரு கிளை. மறுதாம்பு ஒரு கிளை. ஆலைப் பதிவும் வெட்டாணையும் ஒரு கிளை. கரும்புப் பணம் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பது ஒரு கிளை. கடைசிக் கிளைதான் உழவர் மிகுதியாகத் தேடுவது. தனித்தமிழில் எழுதுவோர் தொடாததும் அதுவே. 2009 முதல் நடுவணரசு ஆண்டுதோறும் வரையறுக்கும் விலை கரும்பின் சருக்கரைக் கட்டுமானத்தைப் பொறுத்து ஏறும். கட்டுமானம் என்றால் என்ன, தன் கரும்பின் கட்டுமானத்தை எவர் அளக்கின்றார், நிலுவை என்றால் எங்கே முறையிடுவது என்று தூய தமிழில் ஒரு கட்டுரை இருந்தால், ஆயிரம் மேடைப் பேச்சுகள் செய்யாத தமிழ்ப்பணியை அது செய்யும். ஒவ்வொரு கிளையும் தாய்க்கட்டுரையைச் சுட்ட வேண்டும். உடன்பிறந்த கிளைகளையும் சுட்ட வேண்டும். குருத்துக் காய்தல் பற்றிய கட்டுரையின் முதல் வரியே, பயிரின் அகவை என்ன என்று கேட்டு இரு வழியாகப் பிரித்து அனுப்ப வேண்டும்.

இவ்வாறு ஒரு பொருளைச் சுற்றிக் கட்டுரைகளைக் கொத்தாக அமைப்பதையும், தேடுவோனின் நோக்கமறிந்து எழுதுவதையும் மேலைநாட்டு வணிகர் தம் கண்டுபிடிப்பாகப் பேசுகின்றனர். 2002-இல் ஆண்டிரே பிரோடர் என்னும் கணினி அறிவியலர், இணையத்தில் தேடுவோர் நோக்கத்தை மூன்றாகப் பகுத்தார். ஒன்றை அறிவதற்குத் தேடுவோர், ஓரிடத்தை அடைவதற்குத் தேடுவோர், ஒரு செயலை ஆற்றுவதற்குத் தேடுவோர் எனத் தமிழில் அதனைச் சொல்லலாம். அறிய, அடைய, ஆற்ற. நல்ல பகுப்பே. அதன்பின் சந்தைப்படுத்துவோர் அதனை எடுத்துக்கொண்டனர். 2017-ஆம் ஆண்டளவில் தாய்க்கட்டுரை, கிளைக்கட்டுரை என்னும் அமைப்பும் அவர்களிடையே பரவியது. பண்டம் விற்பதற்கு அது பயன்படுகின்றது என்பதற்காக அதனை இழிந்ததென்று தள்ளுவது அறியாமை. துலாக்கோலைக் கள்ள வணிகனும் பிடிக்கின்றான். அதனால் துலாக்கோல் கெட்டதாகிவிடாது.

அன்றியும், இதனைத் தமிழர் பிறரிடம் கற்க வேண்டிய நிலையில் ஒருநாளும் இருந்ததில்லை. முதல், கரு, உரி என்று பொருளைப் பகுத்து, ஒரு திணைக்கு நிலமும் பொழுதும் மரமும் புள்ளும் பறையும் தொழிலும் ஒருங்கு சேர்த்துக் கொத்தாக்கிய மொழி இது. குறிஞ்சி என்று ஒன்றைத் தொட்டால் தினையும் கிளியும் புனமும் தாமே வந்து நிற்கும். நூற்றுமுப்பத்துமூன்று பொருள்களை எடுத்து ஒவ்வொன்றிற்கும் பத்துப் பத்தாக வகுத்தவரும் தமிழரே. இவை பாட்டுக்குரியவை என்பாருளர். நிகண்டுகளைப் பார்க்க.

ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட திவாகரம் பன்னிரு தொகுதிகளாகச் சொற்களை வகுத்தது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று பொருள்வழிப் பத்து. ஒரு சொற்குப் பல பொருள் வருவது ஒன்று. பல பொருட் கூட்டத்திற்கு ஒரு பெயர் வருவது ஒன்று. மரத்தின் பெயரை வேண்டுவோன் மரத்தொகுதிக்குச் செல்வான். அங்கு ஒரு மரத்தைத் தேடிப் போனவன் அதன் அயலிலுள்ள மரங்களையும் கண்டு திரும்புவான். அகரவரிசையில் அப்பயன் இல்லை. அகரவரிசையில் ஆலுக்கு அடுத்து ஆலை நிற்கும். இரண்டிற்கும் உறவு எழுத்தளவே. ஆனால் அகரவரிசைக்கு வேறொரு பயன் உண்டு: சொல் தெரிந்து பொருள் தெரியாதவனுக்கு அதுவே விரைவு வழி. 1594-இல் சிதம்பர இரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தபோது அவ்வழியைத் திறந்தார். அகராதி என்னும் பெயரே அந்நூலிலிருந்து பிறந்ததுதான்.

இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்தித்தவர் வீரமாமுனிவர். 1732-இல் அவர் செய்த சதுரகராதி, பெயரே சொல்வது போல், நான்கு பகுதி. சொல் தெரிந்து பொருள் வேண்டுவோனுக்குப் பெயர். பொருள் தெரிந்து அதற்குரிய சொற்களெல்லாம் வேண்டுவோனுக்குப் பொருள். முக்கனி எவை, நாற்படை எவை என்று கணக்கு வேண்டுவோனுக்குத் தொகை. செய்யுள் யாப்பவன் எதுகை தேடும்போது தொடை. ஒரே சொற்செல்வம், நான்கு வாயில். வருகின்றவன் எதற்காக வருகின்றான் என்று முதலில் கேட்டு, அதன்பின் நூலை வகுத்திருக்கின்றார் அவர். இற்றைக்கு ஏறத்தாழ முந்நூறாண்டுகட்கு முன்னர் ஓர் அயலார் தமிழ் கற்று, தமிழுக்குச் செய்த இவ்வேலையை, தமிழையே தாய்மொழியாகக் கொண்டோர் இன்று செய்யவில்லை என்பது நாணத்தக்கது.

சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம் வழியே தெற்கே சென்றால் சீர்காழி. 1892-இல் அங்குப் பிறந்தவர் நூலகவியலறிஞர் சீர்காழி இரா. அரங்கநாதன். கணக்கியல் ஆசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இலண்டனுக்குப் பயிலச் சென்றபோது, ஒரு கடையில் சிறுவர்க்குரிய மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார்; சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் பலப்பல உருவங்கள் வருகின்றன. நூல்களின் பொருளையும் அவ்வாறே துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளிவந்த அவரது முக்காற்புள்ளிப் பகுப்பு அதன் விளைவு. பின்னர் அத்துண்டுகளை அவர் ஐந்தாக வகுத்தார்: ஆள்மை, பொருள், ஆற்றல், இடம், காலம். பொருள் இடம் காலம் சினை குணம் தொழில் என்று பெயர்களை அறுவகையாக வகுத்த நன்னூலை அறிந்தோர்க்கு இஃது அயலாகத் தோன்றாது. அரங்கநாதன் நன்னூலிலிருந்து எடுத்தார் என்பது ஈண்டுக் கருத்தன்று; பொருளைப் பகுக்கும் கண் இந்நிலத்தில் பழையது என்பதே கருத்து.

அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்னும் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. நூல் பயன்பாட்டிற்கே, படிப்போர் ஒவ்வொருவர்க்கும் அவரது நூல், நூல் ஒவ்வொன்றிற்கும் அதன் படிப்போர், படிப்போர் நேரத்தைக் காக்க, நூலகம் வளரும் உயிர். இவற்றுள் மூன்றாவதை எழுதுவோர் சற்று நின்று நோக்க வேண்டும். எழுதிய கட்டுரை ஒவ்வொன்றிற்கும் அதனைப் படிக்க வேண்டியவன் எங்கோ ஒருவன் இருக்கின்றான். அவனிடம் அதனைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு எழுத்தோடு முடிவதில்லை. கட்டுரை எழுதி இதழில் அச்சிட்டதோடு கடன் தீர்ந்தது என்றெண்ணுவோர், மணமகளைத் தேடாமல் மணப்பந்தல் இட்டவரை ஒப்பர்.

தனித்தமிழ் முகாமிலேயே இக்குறை மிகுதி என்பதை மறைக்க வேண்டுவதில்லை. 1974-இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் மடலம் 1985-இல், அவர் மறைந்து நான்காண்டுகட்குப் பின்னர், வந்தது. அதன்பின் பல பகுதிகளாக அது நிறைவுற்றது. கலைச்சொற் பட்டியல்களோ எண்ணிறந்தன. சொல் இல்லை என்னும் குறை இன்று பெரும்பாலும் இல்லை. சொல் பட்டியலிலேயே கிடக்கின்றது என்பதே குறை. பட்டியலில் உள்ள சொல்லைத் தேடுவதற்கு முதலில் அப்பட்டியல் உண்டென்பது தெரிய வேண்டும். கரும்பைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பவன் பட்டியலைத் தேடான்.

மற்றொன்று, எழுத்துருச் சிக்கல். பழைய எழுத்துருக்களில் ஆளுக்கொரு குறியீட்டில் எழுதிக் குவித்தவை பல்லாயிரம் பக்கம். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு ஒழுங்கு செய்ய முனைந்தது; 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குகுறியை ஏற்றது. அதற்கு முன் எழுதியவற்றைப் பலர் இன்னும் மாற்றவில்லை. பழைய தனித்தமிழ் இதழ்களை ஒளிப்படமாக எடுத்து இணையத்தில் வைத்திருப்பது போற்றத்தக்க தொண்டே. ஆனால் படத்திற்குள் இருக்கும் எழுத்தைப் பொறி எளிதிற் படிக்காது. குறைந்த அளவு ஒவ்வொரு இதழின் பொருளடக்கத்தையாவது எழுத்தாக அடித்து உடன் வைத்தால், அவ்விதழ்கள் மூச்சு விடும். ஓர் ஊர்த் தமிழ் மன்றத்தார் விடுமுறை நாள்களில் செய்து முடிக்கத்தக்க வேலை இது. மாநாடு கூட்டும் செலவிற் பத்தில் ஒரு பங்கும் ஆகாது.

இனி, முதுகுன்றத்துச் சூளைகளுக்கு வருக. அவ்வூரில் அரசின் தொழில்நுட்பக் கல்வி நிலையமும் தொழிற்பேட்டையும் உள. மின்காப்புக் கலங்களும் பொம்மைகளும் அகல்களும் அங்கு உருவாகின்றன. அத்தொழிலை மக்கள் பீங்கான் தொழில் என்கின்றனர்; படித்தோர் செராமிக் என்கின்றனர். பீங்கான் தமிழென்று பலரும் எண்ணுகின்றனர். அது பாரசீகத்திலிருந்து வந்தது. எனவே தனித்தமிழன்பர் வெண்களிக்கலம் என்றோ வேறு விதமாகவோ ஆக்குகின்றார். ஆக்கட்டும். ஆனால் அச்சொல்லை எங்கே வைக்கின்றார்? சொல்லாய்வுக் கட்டுரையில். அத்தொழில் பயில விரும்பும் மாணவன் சொல்லாய்வைத் தேடவில்லை. களிக்குழம்பை அச்சில் ஊற்றினால் ஏன் சற்றுப் பொழுதில் ஓரம் கெட்டியாகின்றது என்று தேடுகின்றான். அச்சு பாரிசுச் சாந்தினால் ஆனது. அது நீரை உறிஞ்சிக்கொள்ள, களி சுவரோடு படிகின்றது. வேண்டிய தடிப்பு வந்தவுடன் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட, உள்ளே கூடான பொம்மை நிற்கின்றது. காய்ந்தபின் முதற்சூடு, மெருகு பூசியபின் மறுசூடு. வெடித்தால் ஏன், மெருகு கொப்புளித்தால் ஏன், சூளையின் வெப்பம் எவ்வளவு? இவ்வினாக்களுக்கு விடை எழுதி, அவ்விடைக்குள் வெண்களி என்னும் சொல்லை இருபது முறை இயல்பாக வழங்கினால், இருபத்தோராம் முறை அம்மாணவனே அதை எழுதுவான்.

இன்னொன்றும் இங்கு நோக்கத்தக்கது. சூளை, வனைதல், திகிரி, பச்சைமண், சுடுமண், அகல், கலம் என்று குயவர் வழக்கில் உயிரோடிருக்கும் தமிழ்ச் சொற்கள் மேசையில் அமர்ந்து ஆக்கும் சொற்களினும் வலியன. பொருட்கொத்து அமைப்பவன் முதலில் தொழிற்களத்திற்குச் செல்ல வேண்டியவன். அங்கே பாதிச் சொற்கள் ஆக்கப்படாமலே கிடைக்கும். ஆலைக்குக் கரும்பு கொண்டு செல்வோரிடமும் அவ்வாறே: கரணை, பரு, சோகை, தோகை, மறுதாம்பு, மண் அணைத்தல் என்பவற்றை எவரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, கேட்டு எழுதினால் போதும்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். தேடுவோன் சொல்லுக்கெல்லாம் வளைந்து கொடுத்தால் தூய்மை என்னாவது என்பது. அம்மறுப்பில் பொருளுண்டு. இன்று விற்பனைக்காக எழுதுவோர் செய்வது என்ன? எவர் எதைத் தேடுகின்றனர் என்று கணக்கெடுத்து, அச்சொல்லையே தலைப்பிலும் வரிதோறும் திணித்து, உள்ளே ஒன்றுமில்லாத எழுத்தை நாளொன்றுக்கு நூறாகக் கொட்டுகின்றனர். பொறியே எழுதித் தரும் பொறிமொழித் தமிழும் அதனோடு சேர்ந்துகொண்டது. அவ்வழியிற் போனால் தமிழும் கெடும், அறிவும் கெடும். ஆனால் அதற்கு மாற்று, தேடுவோனுக்குப் புறங்காட்டி நிற்பதன்று. அவன் சொல்லை ஒருமுறை கேட்டுக்கொள்க. அவன் நோக்கத்தை முழுதும் நிறைவேற்றுக. சொல்லை மட்டும் மாற்றிக் கொடுக்க. பேருந்து, மிதிவண்டி, நூலகம், கணினி, இணையம் என்னும் சொற்கள் வழக்குக்கு வந்தது சொல்லாய்வுக் கட்டுரைகளால் மட்டுமன்று. வேண்டிய பொருளோடு சேர்ந்து வந்தமையாலேயே அவை மக்கள் கைக்கு எட்டின. பேருந்து என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டவன் பேருந்தில் ஏறுவதற்காகவே அதனைப் படித்தான்.

இது காலந்தாழ்த்தத்தக்க செய்தியும் அன்று. தேடினால் பட்டியல் தந்த பொறிகள் இப்போது விடையையே சொல்லத் தொடங்கிவிட்டன. அவ்விடை, ஏற்கெனவே எழுதப்பட்டவற்றிலிருந்து பிசைந்தெடுக்கப்படுவது. தமிழில் செவ்வையாக எழுதப்படாத பொருளுக்கு அது ஆங்கிலத்தில் உள்ளதைப் பெயர்த்துத் தமிழென்று தரும். அந்தப் பெயர்ப்பில் 'ரெட் ராட்' இருக்கும், செவ்வழுகல் இராது. அடுத்த தலைமுறை உழவர் அப்பொறியின் சொல்லையே தமிழென்று கற்பார்.

கடலூர் மாவட்டத் தமிழ் மன்றங்கள் ஓராண்டுத் திட்டமாக இதனை மேற்கொள்ளலாம். பொருள் இரண்டே போதும்: கரும்பும் வெண்களியும். கரும்பிற்கு ஒரு தாயும் எட்டுக் கிளையும், வெண்களிக்கு ஒரு தாயும் ஆறு கிளையும் என்று பங்கிட்டுக்கொண்டு, எழுதத் தொடங்கும் முன் ஒரு திங்கள் எழுதாமலே இருந்து, சேத்தியாத்தோப்பு ஆலை வாயிலிலும் முதுகுன்றத்துச் சூளைகளிலும் நின்று, என்ன கேட்கின்றனர், எந்தச் சொல்லால் கேட்கின்றனர் என்பதை மட்டும் குறித்துவர வேண்டும். வேளாண் துறையிற் பணியாற்றி ஓய்வுற்ற தமிழன்பர்களும் சூளையிற் பழகிய தொழிலாளரும் எழுதினதைத் திருத்த வேண்டும். சொல்லைத் திருத்துவோர் அவர்களுக்குப் பின்னரே வர வேண்டும். ஊர்ப்பெயர் இரண்டு வடிவிலும், தொழிற்பெயர் மூன்று வடிவிலும் முதற் பத்தியில் இடம்பெற வேண்டும். வெட்டு தொடங்கும் முன் கரும்புக் கிளைகள் எட்டும் முடிந்திருந்தால், வண்டிகள் ஆலை வாயிலில் வரிசையாக நிற்கும் இரவுகளில், ஓட்டுநர்களும் உழவர்களும் கைப்பேசியை நோண்டிக்கொண்டு காத்திருக்கும் பொழுதில், அவற்றிற்குப் படிப்போர் கிடைப்பர்.